கண்ணு தெரியாத அம்மை அடுக்களைல தனியா நிக்கணும், எப்படி பழக்குறது?

தக்கலை பிள்ள:
அம்மைக்கு 61 வயசு. கிளக்கோமால ரெண்டு கண்ணும் போச்சு, நரம்பு கெட்டதால பார்வை இனி திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அண்ணன் அடுக்களைக்கே விடமாட்டேங்கான், அம்மையானா சும்மா இருந்தா செத்துருவேன் மக்ளேன்னு அழுகா. நான் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போயிட்டா பகல் பூரா அவ தனியாத்தான். சாயா போடணும், மீன்காரிகிட்ட ரூவா எண்ணிக் குடுக்கணும், தெரிஞ்சவங்க சொல்லித் தாங்க.

குழித்துறை அண்ணாச்சி:
தங்கச்சி, எனக்கு 22 வருசமா பார்வை இல்ல, தனியாத்தான் பொங்கித் தின்னுகேன். மொதல்ல அண்ணன்கிட்ட சொல்லு, எடுத்த சாமான எடுத்த எடத்துலதான் வைக்கணும். விருந்துக்கு வந்தவங்க அருவாமணைய நடுத்தரைல போட்டுட்டு போனதுல எனக்கு கால் கிழிஞ்சு நாலு தையல். உப்பு டப்பால ஒரு ரப்பர்பேண்டு, சீனிக்கு ரெண்டு போடுங்க. பாத்திரத்த அடுப்பு மேல நடுவுல வச்சிட்டுதான் பத்தவைக்கணும், முந்தானைய இடுப்புல சொருகிரணும். பாலுக்குள்ள சின்ன தட்டு ஒண்ண கவுத்துப் போட்டா கொதி வரும்போ கடகடன்னு அடிக்கும். கிளாஸ்ல ஊத்தும்போ நெறைய நெறைய சத்தம் கூர்மையா ஏறும், அந்த சத்தம் காதுல பிடிபடுற வரைக்கும் பச்சத்தண்ணிலயே ஊத்திப் பழகட்டும், பொறவு சூடு. கஞ்சி வடிக்கிறத மட்டும் இப்போ வேண்டாம், குக்கர்ல அளந்து தண்ணி வச்சு பொங்கட்டும்.

ஸ்பெஷல் டீச்சர்:
ரூவா விசயம் நான் சொல்லுகேன். புது நோட்டுல 50லேருந்து 500 வரைக்கும் அகலம் ஒண்ணுதான், 66 மிமீ, நீளம்தான் மாறும். 100 ரூவா 142, 200 ரூவா 146, 500 ரூவா 150. 4 மிமீ வித்தியாசம் தனியா ஒரு நோட்ட மட்டும் பிடிச்சா தெரியாது, பக்கத்துல இன்னொண்ண வச்சு பாக்கணும். 100லயும் 500லயும் ஓரத்துல தடிச்ச கோடு இருக்கும், 100ல நாலு, 500ல அஞ்சு, ஆனா பழைய நோட்டுல தேஞ்சு போயிருக்கும். அதனால மடிப்புதான் நல்லது. 100 மடிக்காம, 200 ஒரு மடிப்பு, 500 ரெண்டு மடிப்புன்னு பர்ஸ்ல வைக்கச் சொல்லுங்க. பாக்கி வாங்கும்போ ஒவ்வொரு நோட்டா பேர் சொல்லித் தரச் சொன்னா வாங்குன கையோட மடிச்சிரலாம். ரிசர்வ் வங்கியோட மணி ஆப் ஒண்ணு இருக்கு, 2020ல வந்தது, நெட் இல்லாமலே கேமரால பாத்து எத்தன ரூவான்னு சொல்லும். போன்ல டாக்பேக் போட்டுக் குடுங்க, திரைல இருக்கத வாசிச்சுச் சொல்லுற வசதி அது.

தக்கலை பிள்ள:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு பச்சத்தண்ணி ஊத்த வச்சேன், மூணாவது கிளாஸ் சிந்தல. மீன் அறுக்கணும்னு ஒரே பிடிவாதம், என்ன செய்ய?

குழித்துறை அண்ணாச்சி:
இப்போதைக்கு மீன்காரிகிட்டயே வெட்டி வாங்குங்க. மொதல்ல வெண்டக்கா நறுக்கட்டும், விரல் நுனிய உள்ள மடக்கிக்கிட்டு.