சைலன்ட் நைட்டை 5 கட்டை சுருதியில் பாட ஒரு துணை வேண்டும்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம். சின்ன உதவி.

என் அக்கா மகள் கர்நாடக சங்கீதம் படித்தவள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு சைலன்ட் நைட் என்ற கிறிஸ்துமஸ் பாட்டைத் தன் பாணியில் பாடப்போகிறாள். மெட்டு அப்படியே சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான். தாலாட்டு மாதிரி மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில், தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு நேற்றுத் திண்ணையில் பாடினாள். வெளியே மழை, சம்பா வயலில் தவளைச் சத்தம். கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

சிக்கல் கீபோர்டில். எங்கள் பாடகர் குழுத் தம்பி 1 கட்டையை (ஸ வைக்கும் சுருதி, கீபோர்டில் C) விட்டு நகரமாட்டார். கடைசி வரிக்கு முன்னால் மெட்டு மேல் மத்யமம் (மேல் ஸ்தாயி ம) வரை ஏறும். அங்கே தாலாட்டு கூச்சலாகிவிடுகிறது, தூங்குகிற பாலன் எழுந்துவிடுவார்! அவளுக்கு அதற்குக் கீழே இருக்கும் 5 கட்டைதான் (G) சரி.

அதனால் வயலினோ வீணையோ வாசிப்பவர் யாராவது 24ஆம் தேதி இரவு வர முடியுமா? மிருதங்கம் என்றால் விரல் நுனியில் தட்டுபவராக இருக்கட்டும். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

அப்புறம் ஒரு சந்தேகம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, எவ்வளவு போடலாம்? பெரியவர்கள் சிலர் இப்போதே முணுமுணுக்கிறார்கள். கர்நாடக இசையில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் வாழ்ந்த ஊரில் இதற்கு என்ன தயக்கமோ! 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்பில் முதலில் பாடியபோதே ஆர்கன் இல்லை, கிட்டார்தான். "பாலன்" என்ற இடத்தில் மட்டும் காந்தாரத்தை (க ஸ்வரம்) லேசாக அசைக்கிறாள். போதுமா, கூடுதலா? பாடிப் பழகியவர்கள் சொல்லுங்கள். ஒலிப்பதிவு வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.