குளிசையை நிறுத்திய பிறகு உடம்பு பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

உப்புவெளியிலிருந்து:

காதில் குரல் கேட்கிற மனநோய்க்கு எட்டு வருடமாக ஒலன்சபின் குளிசை 10 மில்லிகிராம் எடுத்து வந்தேன். போன வருடம் வைகாசியில் ஒரு நாள் நானாகவே நிறுத்திவிட்டேன். காரணம் எடை. 52 கிலோவாக இருந்தவள் 78 ஆகிவிட்டேன். காலையில் எழும்ப முடியாது, ரியூசன் பிள்ளைகள் வந்து கேற்றைத் தட்டினால்தான் கண் திறக்கும். குரல் கேட்பது நின்று ஐந்து வருடம் ஆகிவிட்டது, இனி எதற்குக் குளிசை என்று நினைத்தேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் கேட்கவில்லை. பிறகு பட்ட கஷ்டம் எல்லாம் அந்த ஒரு பிழையிலிருந்து வந்ததுதான்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் இரவு நித்திரை போய்விட்டது. நான்காம் நாள் அம்மா மீன் பொரித்த மணத்துக்கே சத்தி வந்தது. அப்புறம் வயிற்றோட்டம். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் இங்கே எல்லாருக்கும் வியர்க்கும், ஆனால் இது வேறு வியர்வை. இரவு 2 மணிக்குத் தலையணை உறையைப் பிழியலாம் என்ற அளவுக்கு நனைந்திருக்கும். முதுகும் கையும் அரித்தன, தடிப்பு ஒன்றும் இல்லை.

அம்மா டெங்கு என்று பயந்தார். இரத்தம் சோதித்தோம், பிளேட்லெட் சரியாக இருந்தது. அம்மம்மா உடம்புச் சூடு என்று சொல்லிக் கன்னியாவுக்குக் கூட்டிப் போனார். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு அல்லவா, ஒவ்வொன்றிலும் அள்ளி ஊற்றினார். மூன்றாவது கிணற்றிலேயே எனக்குத் தலை சுற்றி, ஓரமாக இருந்துவிட்டேன். அங்கே வைத்துத்தான் சொன்னேன், குளிசையை விட்டு ஒன்பது நாள் என்று. அவர் ஏசவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, “நாளைக்குக் கிளினிக்குப் போவம் பிள்ளை” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

மருத்துவர் முதலில் கேட்டது திகதிகள்தான். என்றைக்கு நிறுத்தினீர்கள், என்றைக்கு எது தொடங்கியது. நிறுத்தி ஒரு சில நாளில் சத்தி, வியர்வை, வயிற்றோட்டம் என்று உடம்பில் தொடங்கினால், அது பெரும்பாலும் குளிசை போனதால் வருவது என்று விளக்கினார். இந்தக் குளிசை மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தை மட்டும் தடுப்பதில்லை. நித்திரைக்குத் தொடர்புள்ள ஹிஸ்டமினையும், குடலையும் வியர்வையையும் ஆட்டுவிக்கிற அசற்றைல்கோலினையும் தடுக்கிறது. வருடக்கணக்கில் தடுத்துவைத்த ஒன்றைத் திடீரென்று திறந்துவிட்டால், இருட்டு அறையில் பழகிய கண் வெயிலில் கூசுவதுபோல உடம்பு கூசும். ஆனால் பழைய வருத்தம், அதாவது குரல் கேட்பது, திரும்புவதும் இதோடு சேர்ந்தே தொடங்கலாம், ஆகவே இரண்டையும் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு வளைகோடு கீறிக் காட்டினார். 10இலிருந்து 5க்கு இறங்கும்போது மூளையில் மருந்தின் பிடி கொஞ்சம்தான் தளரும். 2.5இலிருந்து பூச்சியத்துக்கு இறங்கும்போது பெரிய சரிவு. அதனால் கடைசிப் படிகள்தான் மிகச் சிறியதாக, மிக மெதுவாக இருக்க வேண்டுமாம். நான் 10இலிருந்தே ஒரேயடியாகக் குதித்திருக்கிறேன்.

திரும்ப 10 தொடங்கினோம். ஒரு கிழமைக்குள் சத்தியும் வயிற்றோட்டமும் நின்றன. பிறகு அவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு 7.5, அப்புறம் 5. 2.5க்கு வந்த மூன்றாம் கிழமை, ஒரு பின்னேரம், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. அடுத்த நாளே போனேன், 5க்குத் திரும்பினோம். இப்போது 5இல் நிற்கிறேன். அதைத் தோல்வியாக நான் எண்ணவில்லை. 10ஐ விட 5இல் காலையில் எழும்ப முடிகிறது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது.

குறைக்கிற நாட்களில் எனக்கு உதவியவை: சோற்றுக்குப் பதில் கஞ்சி, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்), மத்தியானத்துக்குப் பிறகு பிளேன்டீயை விட்டது, நித்திரை வராவிட்டாலும் விளக்கை அணைத்துப் படுத்துக் கிடந்தது.

சாம்பல்தீவிலிருந்து:

அக்கா, எனக்குச் சத்தி இல்லை, அந்தரம்தான். ரிஸ்பெரிடோன் என்ற இதே வகைக் குளிசையை விட்ட ஐந்தாம் நாள் தொடங்கியது. இருக்க ஏலாது, படுக்க ஏலாது, காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி. இரவு 3 மணிக்குக் கடற்கரையில் நடப்பேன், அம்மா பின்னாலேயே ரோச்சோடு வருவார். ஊரில் “அவனுக்கு விசர் திரும்பிட்டுது” என்று கதைத்தார்கள். எனக்குத் தெரியும், மனம் தெளிவாக இருந்தது, கால்தான் நிற்கவில்லை. அதை மருத்துவரிடம் சொல்லவே வெட்கப்பட்டேன். சொன்ன பிறகுதான் அதற்கும் மருந்து உண்டு என்று தெரிந்தது.

கிண்ணியாவிலிருந்து:

என் வாப்பாவுக்கு இதே வகை மருந்தான ஃபுளூபெனசின் மாதம் ஒருமுறை ஊசியாக. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலம், பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை, ஊசியும் நாலு மாதம் தவறியது. முதல் மாதம் நல்லாகவே இருந்தார். ஊசி மருந்து தசையிலிருந்து மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்று அப்போது தெரியாது. மூன்றாம் மாதம் உதடு தானாக அசைய ஆரம்பித்தது, நாக்கு வெளியே வந்து போகும், விரல்கள் தபேலா வாசிக்கிற மாதிரி. வெற்றிலை போடுகிறவர்தானே, மெல்லுகிறார் என்று நாங்கள் இருந்துவிட்டோம். உம்மாதான் கவனித்தார், வாயில் வெற்றிலை இல்லாத நேரத்திலும் அசைகிறது என்று.

அதற்குள் பழைய வருத்தமும் திரும்பிவிட்டது, வார்டில் இருபது நாள். மருந்தை விட்டபின் வருகிற இந்த அசைவு பலருக்குச் சில கிழமைகளில் அடங்கிவிடும், சிலருக்கு நீடிக்கும் என்றார்கள். வாப்பாவுக்குக் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. ஒரு பிழை நானும் செய்தேன். நடுக்கத்துக்கு முன்பு கொடுத்த பென்செக்சோல் வீட்டில் இருந்தது, அதைக் கொடுத்துப் பார்த்தேன். இந்த வகை அசைவை அது கூட்டக்கூடும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

இப்போது அடுத்த கிளினிக்கில் காட்டப் போகிறோம். மருத்துவரைப் பார்க்கிற நேரத்தில் வாப்பா வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற தாதி ஒருவர்:

பிள்ளைகள் எழுதியதைப் படித்து மனம் கனத்தது. வார்டில் 30 வருடம் இருந்தவள், சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குளோசபின் என்ற மனநோய்க் குளிசையை எடுப்பவர்கள் ஒருநாளும் தாங்களாக விடக்கூடாது. திடீரென்று விட்டால் எல்லாவற்றிலும் கடுமையாகத் திருப்பி அடிப்பது அதுதான். 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறினால் பழைய அளவை எடுக்கவும் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

காய்ச்சலோடு உடம்பு விறைத்து, கதைப்பது குழம்பினால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று இரவு ஒரு பொட்டும் நித்திரை இல்லை என்றாலும், செத்துப் போகலாம் என்ற நினைப்பு வந்தாலும் அப்படியே. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழில் கதைக்கலாமா என்று முதலில் கேளுங்கள்.

குறைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதன் விலையையும் தெரிந்திருக்க வேண்டும். 2023இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில் 253 பேரை இரண்டு வருடம் பார்த்தார்கள். மேற்பார்வையோடு மெல்லக் குறைத்தவர்களிலேயே 25 வீதமானோருக்கு வருத்தம் கடுமையாகத் திரும்பியது, தொடர்ந்து எடுத்தவர்களில் 13 வீதம். வீட்டில் ஒருவருக்காவது சொல்லாமல் குறைக்கவே வேண்டாம். குரல் திரும்புவதை முதலில் காண்பது பல நேரம் பக்கத்தில் இருப்பவர்தான்.

உப்புவெளியிலிருந்து:

மிஸ்ஸி, நன்றி. 48 மணித்தியால விஷயம் எனக்கும் தெரியாது.

கிண்ணியாத் தம்பி, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு நிமிடம் போதும். கதிரையில் இருத்தி, கையை மடியில் வைக்கச் சொல்லி, முகமும் விரலும் தெரிகிற மாதிரி எடுங்கள். அவருக்குச் சொல்லிவிட்டே எடுங்கள், ஒளித்து எடுத்தால் மனம் நோகும். காலையில், வெற்றிலை போடுவதற்கு முன்னால் எடுங்கள். ஊசி தவறிய மாதங்களையும் ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள், அங்கே போனதும் திகதி மறந்துபோகும்.