குடும்பக் குழு: பேய்களால் பிழைத்த துறைமுகம்

அருணா: எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானின் தொத்தோரி மாகாணத்தில் உள்ள சகாய்மினாத்தோ என்ற மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்திருக்கிறேன். யொனாகோவில் ஏறிய ரயிலின் வெளிப்புறமெல்லாம், ஒரு கண்ணை முடியால் மறைத்த கித்தாரோ என்னும் சித்திரக்கதைப் பேய்ச் சிறுவனின் கூட்டாளிகளுடைய படங்கள்தாம். இத்தடத்தின் 16 நிலையங்களுக்கும் சொந்தப் பெயரோடு ஒரு பேயின் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது. யொனாகோவுக்கு ‘எலி மனிதன் நிலையம்’ என்று பட்டப்பெயர்.

பெரியப்பா: நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததில் மகிழ்ச்சி, அம்மா. பேயின் பெயரை வைத்தால் இருட்டிய பிறகு அந்த நிலையத்தில் யார் இறங்குவார்கள்?

அருணா: பெரியப்பா, இவை செத்தவர்களின் ஆவிகள் அல்ல. யோகாய் எனப்படும் இவற்றில் பல, காரணம் புரியாத சத்தங்களுக்கும் தடங்கல்களுக்கும் கிராமத்து மக்கள் கற்பித்துக்கொண்ட உருவங்கள். ஆற்றங்கரையில் பயறு களையும் ஓசை கேட்டால் அது அசுகியராய். இராத்திரியில் நடந்து போகிறவருக்கு மேற்கொண்டு அடி வைக்க முடியாமல் போனால், எதிரே கண்ணுக்குத் தெரியாத சுவராக நுரிகாபே நிற்கிறது என்று பொருள். குளியலறையைக் கழுவாமல் போட்டு வைத்தால் அழுக்கை நக்குவதற்கு அக்கனாமே வந்துவிடும்.

சித்தி: அந்தக் கடைசிப் பேயைக் கார்த்தியின் அறைக்கு அனுப்ப இயலுமா என்று விசாரித்துச் சொல், அருணா.

கார்த்தி: அம்மா, இது எல்லாரும் இருக்கும் குழு. அருணா அக்கா, அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் படங்களைப் பார்ப்பவர்கள் எல்லாரும் டோக்கியோவின் அகிஹாபாராவுக்குத்தானே போகிறார்கள்?

அருணா: அகிஹாபாராவையும் பார்த்தேன், கார்த்தி. அங்கே இருப்பது அடுக்கடுக்கான கடைகள். எனக்கு அரை நாளில் அலுத்துவிட்டது. இங்கே ஓர் ஊரே கதைக்குள் குடியிருக்கிறது. கித்தாரோவை வரைந்த மிசுகி ஷிகெரு 1922இல் பிறந்து, இவ்வூரில் வளர்ந்து, பக்கத்து வீட்டு மூதாட்டி சொன்ன யோகாய்க் கதைகளைக் கேட்டுப் பழகியவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவொன்றில் உள்ள ரபாவுலுக்கு அனுப்பப்பட்டு, அங்கே இடக்கையை இழந்து திரும்பிய அவர், மிச்சமிருந்த வலக்கையால் 2015இல் இறக்கும்வரை வரைந்தார்.

பெரியப்பா: பெருமைக்குரிய மனிதர். ஆனால் ஊருக்கு இதனால் என்ன வருமானம் என்பதையும் எழுது.

அருணா: அதைத்தான் எழுத வந்தேன். ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்த கடைத்தெருவை மீட்பதற்காக 1993இல் 23 வெண்கலச் சிலைகளோடு தொடங்கினார்கள். இன்று நிலையத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டருக்கு 170க்கும் மேற்பட்ட சிலைகள் நிற்கின்றன. பெரும்பாலானவை முழங்கால் உயரம்கூட இல்லாததால் குனிந்துதான் பார்க்க வேண்டும். பலர் தடவியதில் சிலவற்றின் தலை மட்டும் பளபளக்கிறது, உடம்பு கறுத்திருக்கிறது. தொடக்கத்தில் சில சிலைகள் களவு போக, அந்தச் செய்தியே ஊரின் பெயரைப் பரப்பிவிட்டதாம்.

பெரியப்பா: திருடனுக்கும் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

அருணா: வைத்தாலும் வைப்பார்கள், பெரியப்பா. கடைகளில் ஆளுக்கொரு யோகாயின் ரப்பர் முத்திரையை வைத்திருக்கிறார்கள். குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முத்திரையாகக் குத்தி நிரப்பப் புறப்படுகிறவர், கருவாட்டுக் கடையானாலும் மிட்டாய்க் கடையானாலும் உள்ளே நுழைந்தே தீர வேண்டும். வியாபாரத்தின் சூட்சுமம் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது; குழந்தைகளை விடப் பாட்டிமார்தாம் மும்முரமாகக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

கார்த்தி: அக்கா, காசு போட்டுத் திருகினால் உருண்டை விழும் கச்சாபோன் இயந்திரத்தில் எனக்கு ஒரு நுரிகாபே எடுத்து வாருங்கள்.

அருணா: எது விழும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கார்த்தி. 100 யென் நாணயங்களைப் போட்டுத் திருகினேன். கித்தாரோவின் அப்பா, கண்விழிக்குக் கைகால் முளைத்த உருவம், மறுபடியும் மறுபடியும் வருகிறார்.

சித்தி: வந்ததே போதும், காசைக் கரைக்காதே. அதில் ஒன்றைப் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிடு.

பெரியப்பா: எனக்கு அந்த முத்திரைக் குறிப்பேடு இருந்தால் போதும், நிரப்பியதாக இருக்க வேண்டும்.