பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர்: சட்டம் போட்டால் சம்பளம் வருமா?

கரும்பலகை:
2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பலரும் படித்திருப்பீர்கள். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண்ணின் சாவு தொடர்பாக அவள் அப்பா தொடுத்த வழக்கு. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும்; நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றும் வரை இதுவே சட்டம் என்றார்கள். பணம் யார் தருவது என்று அதில் இல்லை. கட்டணம் வாங்கும் பள்ளி ஆள் வைத்துக்கொள்ளும். அரசுப் பள்ளி என்ன செய்யும்? தமிழ்நாடு சட்டமன்றம் நிதியோடு சேர்த்துச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய கருவூலம்:
நான் மறுக்கிறேன் டீச்சர். ஆள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டம் போட்டால் ஆள் வந்துவிடுவார் என்பதைத்தான் மறுக்கிறேன். ஆயுசில் பாதியைச் சம்பளப் பட்டியலோடு கழித்தவன் நான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று இருக்கும். அதே நூறு! இங்கே 2012-ல் 16,549 பேரை எடுத்தார்கள். வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அது 12,500 ஆனது 2024-ல். இறந்தவர், ஓய்வு பெற்றவர், விட்டுவிட்டுப் போனவர் போக மிஞ்சியது சுமார் 12,000 பேர். மே மாதச் சம்பளத்துக்கே போராட வேண்டியிருந்தது. நாளைக்கு உங்கள் ஆலோசகரும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார்.

தீர்ப்பின் வாசகத்தையும் பாருங்கள். ‘நியமிக்கவோ ஈடுபடுத்தவோ’ வேண்டும். அந்த ‘ஈடுபடுத்த’ ஒன்று போதும், ஒப்பந்தத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

வாய்க்கால்மேடு:
எங்கள் காலத்தில் வாத்தியார்தான் எல்லாமே. முகத்தைப் பார்த்தே சாப்பிடவில்லை என்று கண்டுபிடிப்பார். இப்போது அதற்கும் ஒரு எம்.ஏ. வேண்டுமாக்கும்.

கரும்பலகை:
வாய்க்கால்மேடு ஐயா, கண்டுபிடிப்பது நாங்களும் செய்வோம். அதற்கு அப்புறம்தான் சிக்கல். போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு மாதமாகப் பேச்சையே குறைத்துக்கொண்டான். வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐ அழைத்தேன். எதிர்முனையில் அன்பாகத்தான் பேசினார்கள். போனைப் பையனிடம் கொடுத்தேன். எங்கே வைத்து? ஸ்டாஃப் ரூமில். ஒருவர் டிபன் சாப்பிடுகிறார், ஒருவர் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகை ஏற்றுகிறார். “ம்... ம்... ஒண்ணுமில்ல மேடம்” என்று நாலு முறை சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் நான் கூப்பிட்டபோது வரவே இல்லை. நான் அவனுக்குக் கணக்கு எடுப்பவள், மார்க் போடுபவள். என்னிடம் எதைச் சொல்லுவான்?

ஆள் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். கவுன்சலர் என்றதும் ஒருவர் வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டு வரட்டுமா என்றார்.

செவிசாய்:
சமூகப் பணி படித்துவிட்டு ஒப்பந்தத்தில் இந்த வேலையையே பார்த்தவன் நான். கருவூலம் ஐயா சொல்வது கசப்பு, ஆனால் பொய் இல்லை. இங்கே பத்து வேனில் நடமாடும் ஆலோசனை மையம் தொடங்கியபோது மாவட்டங்கள் 32. ஒரு பள்ளிக்கு ஒரு முறை போய், பேசி, கிளம்பிவிட்டால் அது சொற்பொழிவு. பிள்ளை மூன்றாவது, நான்காவது சந்திப்பில்தான் வாயைத் திறக்கும்.

ஆனால் ஐயா, சட்டம் இல்லாததால்தானே நாங்கள் திட்டத்தில் தொங்கினோம்? திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பியபோது பாதியில் விட்டு வந்த பிள்ளைகள் 19 பேர்.

பழைய கருவூலம்:
தம்பி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சட்டம்தானே? மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் மனநலப் பணியாளர்களைப் பத்து ஆண்டுகளுக்குள் எட்ட அரசு ‘முயற்சி செய்ய வேண்டும்’ என்கிறது. அமலுக்கு வந்தது 2018 மே. கெடு 2028. முயற்சி செய்ததாக ஒரு கோப்பு இருந்தால் போதும், சட்டம் நிறைவேறிவிட்டது!

ஒன்றிய அரசின் பணத்தை நம்பி ஆளைப் போடவும் முடியாது. 2024-25-ல் ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவில் 2,152 கோடி நின்றுபோய், தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கணக்கில் ஆலோசகர் சம்பளமும் இருந்திருந்தால்?

கரும்பலகை:
அதனால்தான் மாநில நிதி என்கிறேன். சட்டத்திலேயே மூன்றை எழுதட்டும்: நிரந்தரப் பணியிடம், காலமுறை ஊதியம், கதவு சாத்துகிற மாதிரி ஓர் அறை. ‘முயற்சி’ என்ற சொல்லே வரக் கூடாது. 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையில் இறந்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே சொல்கிறது. இன்னும் எத்தனை சுற்றறிக்கைக்குக் காத்திருப்பது?

பழைய கருவூலம்:
காலமுறை ஊதியம் என்று எழுதினால் நான் எதிர்க்கட்சியில் இல்லை. ஆனால் பள்ளிக்கு ஒருவர் என்றால் நிதித்துறை முதல் பக்கத்திலேயே கோப்பைத் திருப்பிவிடும். ஊராட்சி ஒன்றியத்துக்கு நாலு பேர் என்று தொடங்குங்கள்.

செவிசாய்:
நாலு பேருக்கும் பள்ளிகளை நிலையாகப் பிரித்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்வேன். வாரத்தில் குறிப்பிட்ட நாள், அதே ஆள், அதே நாற்காலி.

கரும்பலகை:
எனக்கு மனசில்லை. அது சக்கரம் கழற்றிய வேன். தீர்ப்பே பள்ளிக்கு ஒருவர் என்று சொல்லியிருக்கும்போது நாமே ஏன் இறங்கிப் போக வேண்டும்?

பழைய கருவூலம்:
தீர்ப்பு நூறு பேர் உள்ள பள்ளிக்குத்தான் சொல்கிறது டீச்சர். அதற்குக் கீழே இருந்தால் வெளி ஆளோடு தொடர்பு வைத்துக்கொண்டால் போதும். நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் நூறு பேர் ஏது? உங்கள் பள்ளியில் எத்தனை பேர்?

கரும்பலகை:
97.

செவிசாய்:
அப்போ ஒன்றியக் கணக்கிலாவது உங்கள் பள்ளி வரும் மேடம். வியாழக்கிழமை என்று போட்டுக்கொள்ளவா?

கரும்பலகை:
வியாழன் வேண்டாம் தம்பி, சந்தை நாள். பாதிப் பிள்ளைகள் வராது. செவ்வாய் போடுங்கள்.