‘வாக்கிங் டால்’: மறுஆக்கம் எதைத் தொலைத்தது?

படச்சுருள்:
ஃபில் கார்ல்சன் இயக்கிய ‘வாக்கிங் டால்’ (Walking Tall) என்ற 1973ஆம் ஆண்டுப் படத்தையும், கெவின் ப்ரே இயக்கத்தில் டுவைன் ஜான்சன் நடித்த 2004ஆம் ஆண்டு மறுஆக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதல் படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. இரண்டாவது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெக்நெய்ரி மாவட்டத்தில் 1964 முதல் 1970 வரை ஷெரிஃபாக (தேர்ந்தெடுக்கப்படும் மாவட்டக் காவல் தலைவராக) இருந்த பியூஃபோர்ட் புசர் என்ற உண்மை மனிதர், குற்றக் கும்பலோடு மோதியதற்கு விலையாகத் தம் மனைவியைப் பறிகொடுத்தார் என்பதே மூலப்படத்தின் உயிர்நாடி. மறுஆக்கத்தின் நாயகனுக்கோ மனைவியே இல்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாதவன் கட்டையைச் சுழற்றினால் அது வெறும் சண்டைக்காட்சி.

வெண்திரை:
இழப்பு இல்லை என்பதை ஏற்க இயலாது. ராணுவத்திலிருந்து மறுஆக்கத்தின் நாயகன் கிறிஸ் வான் ஊர் திரும்பும்போது, ஊருக்கே பிழைப்பளித்த மர ஆலையை அதன் வாரிசு மூடிவிட்டுச் சூதாட்ட விடுதி நடத்திக்கொண்டிருக்கிறான். மூலப்படத்தின் எதிரிகள் மாநில எல்லையில் கள்ளச் சாராயமும் சூதும் விபச்சாரமும் நடத்தியவர்கள். இங்கே எதிரி ஊருக்கு வேலை கொடுப்பவன். அவன் பகடையில் மோசடி செய்வது தெரிந்தாலும் ஷெரிஃப் வாய் திறக்க மாட்டார். சிற்றூர் ஊழல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால், இந்த மாற்றத்தை நான் முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

படச்சுருள்:
அமைப்பு நன்று, அதைப் படம் பயன்படுத்தவில்லையே! விடுதியை அடித்து நொறுக்கியவன், நீதிமன்றத்தில் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டி, விடுதலை செய்தால் ஷெரிஃப் தேர்தலில் நிற்பேன் என்கிறான், விடுதலையாகிறான், வெல்கிறான். வென்றதும் பழைய துணை அதிகாரிகள் அனைவரையும் நீக்கிவிட்டு, சிறை சென்று மீண்ட தன் நண்பனை அந்த இடத்தில் அமர்த்துகிறான். இதையே வில்லன் செய்திருந்தால் நாம் என்ன பெயரிட்டிருப்போம்? (ஜானி நாக்ஸ்வில் அந்த நண்பனாக நன்றாகவே நடித்திருக்கிறார், அது வேறு.)

ஓரத்து இருக்கை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். புசரின் மனைவி பாலின் 1967 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதுங்கியிருந்தவர்கள் தாக்கியதாகப் புசர் சொன்னதையே படம் காட்டியது. ஆனால் பாலினின் உடலைத் தோண்டியெடுத்து ஆய்வு செய்த பின், புசர் உயிரோடு இருந்திருந்தால் அவர் மீதே கொலைக் குற்றம் சாட்டப் போதிய சான்றுகள் உள்ளன என்று டென்னசி அதிகாரிகள் 2025 ஆகஸ்டில் அறிவித்தனர். அவர் 1974இலேயே கார் விபத்தில் இறந்துவிட்டதால் வழக்கு விசாரணைக்கு வழியில்லை. நாயகனின் பெயரையும் ஊரையும் மாற்றி, கதையை வாஷிங்டன் மாநிலத்துக்குக் கொண்டுபோனதற்காக மறுஆக்கத்தைக் குறை சொன்னவர்கள், இன்று அந்த மாற்றத்தை எப்படிப் பார்ப்பார்கள்?

வெண்திரை:
அதனால்தான் சொல்கிறேன்: புனைவு தன்னைப் புனைவு என்று ஒப்புக்கொண்டதே நல்லதாயிற்று.

படச்சுருள்:
அது தற்செயலான நன்மை. 2004இல் யாரும் அதை எண்ணிப் பெயரை மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனாலும் மனைவியின் மரணமே மூலப்படத்தின் உயிர்நாடி என்று மேலே எழுதியிருந்தேன். அந்த வரியை இனி அதே உறுதியோடு என்னால் எழுத முடியாது. துணை அதிகாரிகளை நீக்கியதைப் பற்றிய என் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை.