கூகுள் ஷீட்ல அவங்கவங்க காலம் (column) மட்டும் எடிட் பண்ற மாதிரி வைக்க முடியுங்களா?

பனியன்காரன்:
திருப்பூர்ல சின்ன ஜாப் ஒர்க் யூனிட்ங்க, ஆர்டர் கணக்கு பூரா ஒரே கூகுள் ஷீட்லதான் ஓடுது. கட்டிங், பவர் டேபிள் (தையல்), பேக்கிங் மூணு சூப்பர்வைசரும் போன்லயே பீஸ் கணக்கு ஏத்துவாங்க, லிங்க் இருந்தா யாரும் எடிட் பண்ணலாம்னுதான் குடுத்திருக்கோம். இப்ப யாரோ தொகை காலத்துல ஃபார்முலா மேலயே நம்பர அடிச்சு விட்டுட்டாங்க, கேட்டா மூணு பேரும் நான் இல்லீங்கறாங்க. அவங்கவங்க காலம் மட்டும் தொடணும், பீஸ் ரேட் கண்ணுலயே படக்கூடாது. வழி இருக்குங்களா?

ஷீட்பித்தன்:
முதல்ல லிங்க்க ரெஸ்ட்ரிக்டட்னு (நாம சேர்த்தவங்க மட்டும் திறக்கற மாதிரி) மாத்துங்க, மூணு பேர் ஜிமெயிலையும் தனித்தனியா எடிட்டரா சேர்த்துங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல திறந்து, போன் ஆப்ல இது ஆகாது, டேட்டா மெனுல புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ் போய் கட்டிங் காலத்த ரேஞ்சா குடுத்து கட்டிங்காரருக்கு மட்டும் டிக் போடுங்க, மத்த காலத்துக்கும் அப்படியே, ஃபார்முலா காலத்துக்கு ஒன்லி யூ. அங்கயே வார்னிங் காட்டற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், அத எடுக்காதீங்க, அது சும்மா ஒரு வார்த்த கேட்கும், ஓகே அடிச்சா உள்ள விட்டுரும்.

கணக்கர்:
ரேட் விஷயம் இதுல தீராதுங்க. புரொடெக்ட் பண்ணா எழுத முடியாது, பார்க்க முடியும். காலத்த ஹைட் பண்ணாலும் மேக் எ காபி போட்டா அந்த காபில எல்லாம் திறந்து கிடக்கும். ரேட்ட வேற ஃபைல்ல போட்டு யாருக்கும் ஷேர் பண்ணாம வைங்க, அந்த ஃபைல்ல இம்போர்ட்ரேஞ்ச் (வேற ஃபைல்ல இருக்கறத இழுக்கற ஃபார்முலா) போட்டு இவங்க ஏத்தற பீஸ் கணக்க இழுத்துக்கோங்க. தப்பித்தவறி தலைகீழா போட்றாதீங்க, ரேட் ஃபைல்ல இருந்து இவங்க ஃபைலுக்கு இழுக்க ஒரு தடவ அனுமதி (அலவ்) குடுத்துட்டா, எடிட்டர் எவரும் ஃபார்முலாவ மாத்தி அந்த ஃபைல்ல எந்த ஷீட்டையும் இழுத்துக்கலாம்.

பழைய எக்செல்:
இதுக்குத்தான் நான் எக்செல்லோட நிக்கறேன், பாஸ்வேர்ட் போட்டா முடிஞ்சுது

ஷீட்பித்தன்:
@பழைய எக்செல் ஷீட் பாஸ்வேர்ட் கைதவறி அழிக்காம இருக்கத்தாங்க, அத உடைக்கறது பெரிய வேலையே இல்ல. ஃபைல லேன்ல (ஆபீஸ் நெட்வொர்க்ல) வச்சா ஒருத்தர் திறந்திருக்கும்போது அடுத்தவருக்கு ரீட் ஒன்லி வேற.

பனியன்காரன்:
ரொம்ப நன்றிங்க. ஆனா பவர் டேபிளுக்கும் பேக்கிங்குக்கும் ஒரே போன், ஒரே ஜிமெயில்தான், என்ன பண்றது?

கணக்கர்:
அப்ப ஷீட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே ஆளுதான். இன்னொரு ஜிமெயில் போட்டு அதே போன்ல ஏத்திக்கோங்க, ஆப்ல அக்கவுண்ட் மாத்தி மாத்தி வேலை பார்க்கலாம். அதுக்கப்புறம் நம்பர் மாறுனா கம்ப்யூட்டர்ல அந்த செல்ல ரைட் கிளிக் பண்ணி ஷோ எடிட் ஹிஸ்டரி பாருங்க, யார் எப்ப மாத்துனாங்க, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு காட்டும்.