புதுப்பிப்பு: ஆன்லைன் ஜாதகத்துக்குச் சொந்தக் கணக்கா, மூன்றாம் ஆள் பில்லிங்கா?

மதுரை சிம்மக்கல்லில் இருந்து ஆன்லைனில் ஜாதகம் பார்த்துத் தருகிறோம். கார்டு பணம் வாங்க வங்கியில் சொந்த மெர்ச்சன்ட் அக்கவுன்ட் எடுப்பதா, தன் பெயரில் வசூலித்துத் தரும் பில்லிங் நிறுவனத்திடம் போவதா என்று முன்பு கேட்டிருந்தேன்.

இப்போதைக்கு பில்லிங் நிறுவனம்தான். கமிஷன் அதிகம், வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜோசியம் என்றாலே 'ஹை ரிஸ்க்' என்று சொல்லி வங்கி கேட்டது 10 சதவீத ரோலிங் ரிசர்வ். அதாவது, 100 ரூபாய் வந்தால் 10 ரூபாய் 180 நாள் அவர்களிடமே கிடக்கும். எங்களைப் போன்ற சின்னத் தொழிலில் முதலே முடங்கிவிடும். அதைவிடப் பெரிய பயம் வேறு. சார்ஜ்பேக், அதாவது வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்ப வாங்குவது, கூடிப்போய் வங்கி நம் கணக்கை மூடினால், அப்படிக் கணக்கு மூடப்பட்ட வியாபாரிகளைக் குறித்துவைக்கும் மாஸ்டர்கார்டின் மேட்ச் பட்டியலில் பெயர் 5 வருடம் நிற்கும். அப்புறம் வேறு வங்கியும் லேசில் சேர்க்காது.

தொல்லை ஒன்று உண்டு. கார்டு ஸ்டேட்மென்டில் பில்லிங் நிறுவனத்தின் பெயர்தான் வருகிறது. மலேசியாவில் ஓர் அக்கா, "இது யாருப்பா, நான் எதுவும் வாங்கலையே" என்று வங்கியில் புகார் கொடுக்கவே கிளம்பிவிட்டார். இப்போது ரசீதின் முதல் வரியிலேயே அந்தப் பெயரைப் போட்டு, வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம்.

முன்பு கேட்டபோது, சொந்தக் கணக்கு, பில்லிங் நிறுவனம் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்ன அண்ணாச்சிக்கு: யோசனை சரிதான், வெளிநாட்டு வரவு கூடட்டும், பார்ப்போம்.